இவருடன் வந்தவர்கள் எங்கிருந்தாலும்

இந்தக் கையால் நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மூர் மார்க்கெட்டில் எடைக்குப் போட்டிருந்த பழைய ராணுவ ரேடியோவிலிருந்து வால்வு பிடுங்கி, சொந்தமாக ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். ஷாக் அடித்துச் சாவாய் என்றார்கள். சாகவில்லை. மேற்குத் தாம்பரத்தில் தகரக் கூரை போட்டு மைக் செட் கடை வைத்தேன். சேலையூரில் முள் காடாகக் கிடந்த மனையை வாங்கி, அந்தத் தெருவின் முதல் மெத்தை வீட்டைக் கட்டினேன். ஒரு ரொட்டி டின், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு லாரியின் முன்விளக்கு பல்பு, இந்த மூன்றையும் வைத்துச் சுவரில் படம் காட்டும் பெட்டி செய்தேன். கம்பெனிப் பெட்டி வாங்க வசதி இல்லை, அதனால் செய்தேன். தம்பிகளைப் படிக்க வைத்தேன். மகள்களுக்குக் கல்யாணம் கட்டி வைத்தேன். எவன் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை.

இன்னொன்றும் கட்டினேன். தமிழில் பெரிய பரிசோதனை எழுத்தாளர், ஒலியும் ஒளியும் உடம்பும் சேர்த்துக் கலை செய்தவர் என்று இன்றைக்கு ஒரு கல்லூரி சாரைச் சொல்கிறார்களே, அவரையும் கட்டியது நான்தான். முழுசாக என்று சொல்லவில்லை. பாதி. அந்தப் பாதிக்குத்தான் இந்தச் சண்டை.

சார் இறந்த பிறகு அவர் நினைவாக ஒரு புத்தகம் போட்டார்கள். வழவழத் தாள், தூக்கினால் கை வலிக்கும். அதில் ஒரு பக்கம் முழுக்க என் ரொட்டி டின் பெட்டியும் என் நாலு குழாய்களும். குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் இல்லை, மரத்தில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கர். படத்துக்குக் கீழே, 'உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவரின் உதவியுடன்' என்று போட்டிருக்கிறது. நான் எலக்ட்ரீஷியன் இல்லை. என் வீட்டு ஃபியூஸ் போனாலே என் சம்சாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஆளைக் கூப்பிடுவாள்.

இதில் யார் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அவர் பெயரை எழுதினால் அது இன்னொரு தடவை அச்சாகும், இதுவரைக்கும் ஆனது போதும். என் பெயரை நானே எழுதிக்கொண்டால் அது விளம்பரம். எழுத வேண்டியவர்கள் எழுதட்டும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அறுபதுகளில் ஓர் ஆடி மாதம். ராஜகீழ்ப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டி ஓர் அம்மன் கோயில். கூழ் ஊற்றி, சாயங்காலம் தீ மிதிப்பார்கள். வருஷா வருஷம் என் செட்தான். என் மச்சான், சம்சாரத்தின் தம்பி, பனை மரம் ஏறிக் குழாய் கட்டுவான். கீழே மேஜை போட்டு மைக்கோடு நான் உட்காருவேன். திருவிழா என்றால் மைக் செட்காரனுக்குப் பாட்டுப் போடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, காணாமல் போனவர்களைக் கூப்பிடுவது.

அன்றைக்கு மத்தியானம் யாரோ ஒரு பெரியவரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். பேர் கேட்டால் சொல்லவில்லை. ஊர் கேட்டால் சொல்லவில்லை. வாய் பேசாதவர் இல்லை, ஞாபகம் போய்விட்டவர். நான் மைக்கை எடுத்தேன்.

"பொதுமக்கள் கவனத்திற்கு. எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர், நாலு முழ வேட்டி, பச்சைக் கரை போட்ட துண்டு, வலது செருப்பின் வார் நீல நூலால் கட்டப்பட்டது, மைக் செட் அருகே உட்கார்ந்திருக்கிறார். இவருடன் வந்தவர்கள் எங்கிருந்தாலும் உடனே மைக் செட் அருகே வரவும்."

யாரும் வரவில்லை. இரண்டு பாட்டுப் போட்டேன். மறுபடியும் சொன்னேன். வரவில்லை. சொன்னதையே திருப்பிச் சொன்னால் ஜனம் காதில் வாங்காது, அது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அதனால் புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டும். அவரையே பார்த்துக்கொண்டு, பார்த்ததை எல்லாம் சேர்த்தேன்.

"பெரியவருக்குக் கூழ் கொடுத்தோம். வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டார். வெங்காயம் தின்னாத பெரியவர் யார் வீட்டில் இருக்கிறார் என்று தயவுசெய்து யோசித்துப் பார்க்கவும்."

"பெரியவரின் நகங்கள் பழுப்பு நிறம். தோல் ஷெட்டில் வேலை பார்த்த கை. இவரோடு ஒரே தொட்டியில் நின்று தோல் மிதித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். உங்கள் கையைப் பார்த்துக்கொள்ளவும்."

"பெரியவர் இப்போது சிரித்தார். எதற்கு என்று நமக்குத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பை ஒரு தடவை பார்த்தவர்கள் மறந்திருக்க முடியாது. இவருடன் வந்தவர்கள் எங்கிருந்தாலும்…"

மச்சான் ஓடி வந்தான். "மச்சான், அந்தாண்ட கமிட்டிக்காரரு மொறச்சிகினு கீறாரு. பாட்டு போடச் சொல்றாரு."

"போடறேன்னு சொல்லு."

"இதத்தான் நீ ஒரு அவரா சொல்லிகினு கீற."

ஆனால் அவனும் நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ராட்டினம் நின்றிருந்தது. பலூன்காரன், பொரிக்காரன், எல்லாரும் குழாயைப் பார்த்தபடி நின்றார்கள். பாட்டு இல்லாமல் அவ்வளவு பெரிய கூட்டம் சத்தம் போடாமல் நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு பொம்பளை வந்தாள். அனகாபுத்தூர்க்காரி.

"நான்தான் அவரு பொண்ணு."

"எப்பம்மா வந்தே?"

"ரெண்டாந்தபா நீ பேசறப்பவே வந்துட்டேன். அந்த வளையக் கடையாண்ட நின்னுகினு இருந்தேன்."

"வந்தவ கூட்டிகினு போறதுதானே? இன்னாம்மா நீ, தொண்டை கிழியக் கத்திகினு கீறேன்."

"எங்கப்பனப் பத்தி யாரும் மைக்ல பேசினதில்ல," என்றாள். "முடியட்டும்னு பாத்தேன்."

துண்டை உதறி அவர் தோளில் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் பாட்டுப் போட்டேன்.

மறுநாள் காலையில் கடைக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கையில் குடை. கல்லூரியில் பாடம் எடுக்கிறவர், சேலையூரில் குடியிருக்கிறவர் என்று பார்த்துப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சர்ச்சுக்கு நடந்து போவார்.

"நேத்து திருவிழாவில பேசினது நீங்கதானே?"

"ஏன் சார், சத்தம் ஜாஸ்தியா பூட்ச்சா?"

"நேத்து கம்ப்ளெய்ன்ட் பண்ணத்தான் அங்கே கிளம்பி வந்தேன். வேலி ஓரமா நின்னு முழுசும் கேட்டுட்டேன். அதை எழுதி வெச்சிருக்கீங்களா?"

"எழுதறதா? வாயில வந்தது சார்."

"இன்னொரு தடவை செய்ய முடியுமா?"

"இன்னொரு பெரியவரு காணாம போனா செய்யலாம்."

அவர் சிரித்துவிட்டு, கடை பெஞ்சில் உட்கார்ந்தார். அப்படித்தான் ஆரம்பித்தது. தேடி வந்தவர் அவர். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்போதே சார் எழுத்தாளர்தான். சின்னப் பத்திரிகைகளில் கதை வரும். ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நாலு பக்கத்துக்கு முற்றுப்புள்ளியே இல்லை. என் சம்சாரம் எட்டாவது வரை படித்தவள், வாங்கிப் பார்த்துவிட்டு, "மூச்சு வுடாம யாருங்க இதப் படிக்கிறது? கொளத்துல முங்கறவன்தான் படிக்கணும்," என்றாள். சாருக்கும் அது காதில் விழுந்தது. கோபப்படவில்லை. நல்ல மனுஷர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராகக் கடைப் பின்கட்டுக்கு வருவார். ஒரு நண்பர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்பூல் டேப் ரிக்கார்டரை ஒரு ஜமக்காளத்தில் சுற்றி எடுத்து வருவார். திருவிழாவில் பேசியதை எல்லாம் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. திருவிழாவில் இல்லாததும் வந்தது. பெரியவர் தூங்கினால் எப்படித் தூங்குவார், மழை வந்தால் செருப்பை எங்கே ஒளித்து வைப்பார், எல்லாம் அறிவிப்பு பாஷையிலேயே. இதை ஒரு நிகழ்ச்சியாக மேடையில் செய்யலாம் என்றார் சார்.

யார் எதைச் செய்தது என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் கிடையாது. சொல் என்னுடையது. குரல் என்னுடையது. நாலு குழாயையும் ஒரே பக்கம் வைக்காமல், ஜனத்தைச் சுற்றி நாலு மூலையில் வைத்து, ஒரு பலகையில் நாலு ஸ்விட்ச் போட்டு, குரலை மூலைக்கு மூலை ஓட விட்டது நான். ஆளைத் தேடிக்கொண்டு குரல் அலைகிற மாதிரி இருக்கும். கண்ணாடித் துண்டுகளை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கரி ஏற்றி, ஊசியால் செருப்பும் துண்டும் வெங்காயமும் கீறி, ரொட்டி டின் பெட்டியில் சொருகிச் சுவரில் காட்டியது நான்.

சாருடையது என்ன? வரிசை அவருடையது. எதை முன்னால் சொல்வது, எதை விடுவது என்று அவர் சொன்னார், அது சரியாக இருந்தது. வேஷ்டி கட்டிக்கொண்டு பெரியவராக மேடையில் உட்கார்ந்தது அவர். என் கண்ணாடிப் படங்கள் அவர் நெஞ்சு மேலேயே விழும், அசையாமல் இருப்பார். அப்புறம் அந்த மௌனம். நடுவில் ஓர் இடத்தில் நான் பேச்சை நிறுத்த வேண்டும், ஆம்ப்ளிஃபயர் மட்டும் 'உம்' என்று இரைந்துகொண்டிருக்க வேண்டும் என்றார். "செட் புட்டுகிச்சுன்னு நெனச்சிப்பாங்க சார்," என்றேன். "நெனைக்கட்டும்," என்றார். அது அவருடையது. நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஒன்றில் மட்டும் முட்டிக்கொண்டோம். முடிவில்.

"அந்தப் பொண்ணு வரக் கூடாது," என்றார்.

"வந்தாளே சார்."

"வந்தா அது திருவிழா. வரலேன்னாதான் இது கலை."

"எங்கப்பனப் பத்தி யாரும் பேசினதில்லன்னு சொன்னாளே, அத வுட்டுட்டு இன்னாத்துக்கு சார் இது?"

அவர் என் தோளில் தட்டினார். யாரும் வராமலே முடிவது என்று ஆயிற்று. படித்தவர் சொல்கிறார் என்று விட்டுக்கொடுத்தேன்.

முதல் தடவை செய்தது ஸ்டேஷன் பக்கத்தில், ரயில்வே குடியிருப்பில் இருந்த ஒரு சின்ன ஹாலில். இங்கேதான் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மைக் செட் யார் பெயருக்கு புக் ஆகிறதோ, அவர் பெயரில்தான் அறிவிப்பு. கல்யாணம் என்றால் பெண் வீட்டார் பெயர், கூட்டம் என்றால் கட்சியின் பெயர். செட் வைத்திருப்பவன் தன் பெயரை மைக்கில் சொல்லவே மாட்டான். அவன் பெயர் குழாயின் வாயில் பெயின்டில் எழுதியிருக்கும், அதோடு சரி. கடைசியில் நன்றியுரையில் யாராவது சொன்னால் சொல்வார்கள்.

அன்றைக்கு செட் சார் பெயரில் புக். ஆகவே வாய்ப் பழக்கத்தில், முதல் வரியாக நான் சொன்னது இது: "எழுதி அளிப்பவர், நமது கல்லூரிப் பேராசிரியர் அவர்கள்." அவர் பெயரையும் இனிஷியலோடு கணீரென்று சொன்னேன். அவர் சொல்லச் சொல்லவில்லை. டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஓரத்தில் நின்ற மச்சான் குனிந்து, "இன்னா மச்சான், உன் பேர வுட்டுட்ட?" என்றான்.

"குழாயில எழுதிக் கீது இல்ல."

"இருட்டுல எவன் குழாயப் படிப்பான்?"

நன்றியுரையில் வரும் என்று நினைத்தேன். இன்னொரு வாத்தியார் நன்றி சொன்னார். ஹால் கொடுத்தவர், நாற்காலி கொடுத்தவர், டீ கொடுத்தவர், கடைசியில் 'ஒலி ஒளி அமைத்த நண்பர்'. அதற்குள் பாதி ஹால் காலி, எல்லாருக்கும் எலக்ட்ரிக் டிரெய்ன் பிடிக்க வேண்டும். எழுந்து நின்று கும்பிட்ட என்னை மச்சான்தான் பார்த்தான்.

அப்புறம் இரண்டு மூன்று இடங்களில் செய்தோம். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம், பட்டணத்தில் ஒரு சங்கம். பேப்பர்க்காரர்கள் வந்தார்கள். எழுபதுகளில் சாரை டெல்லிக்குக் கூப்பிட்டார்கள், பிறகு வெளிநாட்டுக்கு. எனக்கு ஒரு சட்டை தைத்து வைத்தாள் சம்சாரம். ஆனால் நான் போகத் தேவை இருக்கவில்லை. டேப் இருந்ததே. முதல் நாள் ஓடிய அந்த ஸ்பூல். குரல் பெட்டிக்குள் போய்விட்டது, குரல்காரன் எதற்கு? அங்கே வேறு புரொஜெக்டர் வைத்து என் படங்களைக் காட்டினாராம். நான் கீறிய செருப்பு விமானம் ஏறியது, நான் மீனம்பாக்கம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

திரும்பி வந்தபோது எனக்கு ஒரு கழுத்துப் பட்டை கொண்டுவந்து கொடுத்தார். பட்டு டை. மச்சான் அதை இழுத்துப் பார்த்தான். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில் கயிறு பத்தவில்லை என்று, அதை வைத்தே குழாயைப் பந்தக்காலில் கட்டிவிட்டுக் கீழே இறங்கி, "சும்மா சொல்லக் கூடாது மச்சான், ஃபாரின் சரக்கு ஸ்ட்ராங்காதான் கீது," என்றான். நான் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் வாய் கசக்கிறது.

ஒரு நாள் சார் வீட்டுக்கே போனேன். நாற்காலி போட்டு டீ கொடுத்தார்.

"சார், அங்க ஓடறது என் குரல்."

"உங்க குரல்தான். யார் இல்லேன்னா?"

"கேக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"அவங்களுக்குத் தமிழே தெரியாதுங்க. வெறும் சத்தமாத்தான் கேப்பாங்க."

"அப்போ என் பேரும் ஒரு சத்தமாப் போய்ச் சேந்திருக்கலாமே சார்."

அவர் டீயைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. மௌனம் அவருடையது என்று சொன்னேன் அல்லவா.

"எழுதி அளிப்பவர்னு என் பேரைச் சொன்னது நீங்கதானே," என்றார். "நான் சொல்லச் சொன்னேனா?"

"அது செட்டுக்காரனாச் சொன்னது சார். எங்க வழக்கம் அது. வாங்க, திரும்ப ரிக்கார்ட் பண்ணலாம். ரெண்டு பேரையும் சொல்றேன், உங்க பேர முன்னாடியே சொல்றேன்."

"அது வேற ஒண்ணாயிடும். அந்த நாள், அந்த இரைச்சல், அதெல்லாம் திரும்ப வராது," என்றார். அவர் சொன்னது கலைக்குச் சரியாக இருக்கலாம். எனக்கு நியாயமாக இல்லை. பாதி டீயில் எழுந்து வந்தேன். அப்புறம் அவர் வீட்டுப் படி மிதிக்கவில்லை. தெருவில் பார்த்தால் அவர் நிற்பார், நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவேன்.

அந்த வருஷ ஆடித் திருவிழாவில் ஒரு காரியம் செய்தேன். காணாமல் போனவர் யாரும் இல்லாதபோதே மைக்கைப் பிடித்து, அந்தப் பெரியவரின் அறிவிப்பை முதலிலிருந்து சொன்னேன். அனகாபுத்தூர்ப் பெண் வருவதையும் சேர்த்தேன். முடித்து, "இதை எழுதியதும் சொன்னதும்" என்று என் பெயரை, என் சொந்தப் பெயரை, வாழ்க்கையில் முதல் தடவையாக என் குழாயில் சொன்னேன். ஜனம் நின்று கேட்டது, அதில் சந்தேகம் வேண்டாம். பாதிப் பேர் காணாமல் போனவரைத் தேடியும் கிளம்பிவிட்டார்கள்.

கமிட்டித் தலைவர் நேராக மேஜைக்கு வந்தார். ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்த குடும்பம், இப்போது அதே நிலத்தை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, காணாதவன் யாரு? எங்க கீறான்?"

"பழைய கதைங்க."

"மைக்கு கையில கீதுன்னு உன் பேரையே சொல்லிக்கிறியே. வுட்டா, தீ மிதிச்சதும் நான்தான்னுவ போல கீதே."

கூட்டம் சிரித்தது. அடுத்த வருஷம் அந்தக் கோயிலுக்குப் பல்லாவரத்திலிருந்து வேறு செட் வந்தது. பனை மரத்தில் வேறு பெயர் எழுதிய குழாய் தொங்கியது. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

அந்த ஒன்று போனதால் நான் கெட்டுப் போகவில்லை. அதற்கப்புறம்தான் வேன் வாங்கினேன், பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர் வாங்கினேன். ஆனால் எந்த மேடையிலும் எதையும் புதிதாகச் சொல்லவில்லை. 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சார் இன்னும் நிறையச் செய்தார், புத்தகங்கள் எழுதினார், விருது வாங்கினார். ஆனால் அவரைப் பற்றி யார் பேசினாலும் முதலில் சொல்வது அந்தப் பெரியவர் நிகழ்ச்சியைத்தான். அதை மிஞ்சி அவர் ஒன்றும் செய்யவில்லை. நான் சொல்லவில்லை, அந்த வழவழப் புத்தகத்திலேயே ஒருவர் அப்படி எழுதியிருக்கிறார்.

போன மாதம் சாரைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறோம் என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தது. படித்த பெண், மரியாதையாகப் பேசியது. ரொட்டி டின் பெட்டியும் ஒரு குழாயும் வேண்டுமாம், கண்ணாடி அலமாரியில் வைப்பார்களாம். பக்கத்தில் அந்த டேப்பும் ஓடிக்கொண்டே இருக்குமாம்.

"பெட்டிக்குப் பக்கத்துல இன்னாம்மா எழுதுவீங்க?" என்றேன்.

"சார் பயன்படுத்திய கருவின்னு போடுவோம், தாத்தா."

உள்ளேயிருந்து என் சம்சாரம், "குடுத்துடுங்க, எலக்ட்ரீஷியன் வூட்டுச் சாமான்னு போடட்டும்," என்றாள். இத்தனை வருஷம் கழித்தும் அவளுக்கு ஆறவில்லை. அந்தப் பெண் முகம் சிவந்து போயிற்று. "நீங்க என்ன போடணும்னு சொல்லுங்க, நான் கேட்டுப் பார்க்கிறேன்," என்றது. அப்போது வாயில் வரவில்லை. அதற்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதினேன்.

அட்டையில் போட வேண்டியது இது. சொல், குரல், படம், பெட்டி, நாலு மூலைக் குழாய், எல்லாம் மைக் செட்காரருடையது, அதற்குப் பக்கத்தில் இனிஷியலோடு என் பெயர். வரிசையும் நடிப்பும் மௌனமும் சாருடையது, அதற்குப் பக்கத்தில் அவர் பெயர். இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில். 'உதவி' என்ற வார்த்தை எங்கேயும் இருக்கக் கூடாது. அந்த டேப்பில் என் குரல் அவர் பெயரைச் சொல்லி முடித்ததும், அதை நிறுத்தி, என் இப்போதைய குரலில் என் பெயரைச் சேர்க்க வேண்டும். குரல் கரகரத்துவிட்டது, பரவாயில்லை, மைக் கொண்டுவந்தால் சொல்கிறேன். கடைசியில் ஒரு வரி: பெரியவரை அவர் மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

பெட்டி என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. முதலில் அட்டையை எழுதிக்கொண்டு வரட்டும். படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்.